பாதி வழியில் திரும்பிய நாய்வண்டி

உப்பளத்தில் முப்பது வருடமாகக் கங்காணியாக இருப்பவனுக்கு, வெள்ளையாக எதைக் கண்டாலும் மிதித்துப் பார்க்கத் தோன்றும். பின்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் என்னை நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்கு அழைத்துப் போனபோது, இறங்கியதுமே பனியை மிதித்துப் பார்த்தேன். இரண்டு நாள் வெயிலில் இளகி, மறுபடி உறைந்து, மேலே கெட்டியாக ஏடு கட்டியிருந்தது. தூத்துக்குடியில் உப்புப் பாத்தி இப்படி இறுகிக் கிடந்தால் எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

காட்டைத் தாண்டினால் கடல் உறைந்து கிடக்கும் என்றாள் மகள். உறைந்த கடல்! கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? மறுநாள் எனக்கு விமானம்.

ஆறு நாய்கள். வண்டி ஓட்டும் பெண் ஒவ்வொரு காலிலும் துணி உறை மாட்டினாள். நாய்க்குச் சாக்ஸா என்று சிரித்தேன். அதுவரை ஊரைக் கூட்டிய நாய்கள், ஓடத் தொடங்கியதும் கப்சிப் என்று அடங்கிவிட்டன. அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பாதி வழியில் அந்தப் பெண் வண்டியை நிறுத்தினாள். பனி சரியில்லை, திரும்ப வேண்டும் என்கிறாள் என்றாள் மகள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏளா, நல்லாத்தான இறுகிக் கிடக்கு? எனக்குத் தெரியாதா? ஓட்டச் சொல்லு."

மகள் அதைச் சொன்னதும் அந்தப் பெண் மண்டியிட்டு, முன்னால் நின்ற நாயின் காலைத் தூக்கி, கிழிந்த உறையைக் கழற்றிக் காட்டினாள். விரலிடுக்கில் ரத்தம். பனி ஏட்டின் விளிம்பு அறுத்திருந்தது. நாயோ இன்னும் ஓடத் துடித்துக்கொண்டிருந்தது. காலை மடியில் வைத்துக் களிம்பு தடவினாள்.

"தினமும் போகும்போதும் வரும்போதும் இருபத்துநாலு காலையும் பாப்பாளாம்ப்பா" என்றாள் மகள்.

வண்டி திரும்பியது. கடலைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. அளத்தில் யாராவது காலில் புண் என்று வந்தால், "உப்புத்தண்ணி பட்டா ஆறிரும், போ" என்பதுதான் என் வைத்தியம். குனிந்து பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஊர் வந்த மறுநாள் அளத்துக்குப் போனேன். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருத்தியிடம், "ஏளா, காலைக் காட்டு, பாப்போம்" என்றேன்.

அவள் சட்டென்று சேலையை இழுத்துப் பாதத்தை மறைத்தாள்.

"என்ன அண்ணாச்சி, வேலையவிட்டு நிப்பாட்டப் போறியளா?"

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. முன்னைவிட வேகமாக வாரத் தொடங்கினாள்.