பனி இல்லாத பானட்

டார்லா கங்காஸ் தன் நாற்பத்து மூன்று வயதுக்குள் ஒரு புதுக் காரைக்கூட ஓட்டியதில்லை. முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சூப் காய்ச்சி வைத்துவிட்டு வருவது அவள் வேலை. அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரைக் காட்டில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பத்து மைல் இருக்கும். பேருந்து கிடையாது. நவம்பரில் விழத் தொடங்கும் பனி ஏப்ரல்வரை கிடக்கும். சொந்த வண்டி இல்லாதவளுக்கு வேலை இல்லை என்பது கம்பெனியின் சட்டம். நல்ல வண்டி வாங்குமளவுக்குச் சம்பளம் தரவேண்டும் என்று மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. எழுதியவன் சூடேற்றிய அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பான்.

டிசம்பரில் அவளுடைய கார் மலையிறக்கத்தில் கைவிட்டது. சாலையில் கொட்டுகிற உப்பு அரித்து அரித்து, பிரேக் குழாய் வெடித்துவிட்டது. அப்போது பக்கத்து இருக்கையில் இருந்தவள் அவள் பார்த்துக்கொள்ளும் கிழவிகளில் ஒருத்தி, எண்பத்தெட்டு வயது எல்வி. கார் ஒரு பனிமேட்டில் புதைந்து நின்றது. எல்வியின் மணிக்கட்டு உடைந்தது. காரை விற்றவர் வேய்ன் லூமா. பழைய கார் வியாபாரி, சபை மூப்பர். பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, "கர்த்தர் உங்களைக் காப்பாத்தினார்மா" என்றார்.

"கர்த்தர் இல்லீங்க, பனிமேடு" என்றாள் டார்லா. "அது மட்டும் இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் ஏரிக்குள்ள."

இருந்தும் ஜனவரியில் மறுபடி அவரிடமே போகவேண்டியதாயிற்று. பனியில் ஓட்டும் தன் ஸ்னோமொபைலை விற்ற பணத்துக்கு அந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் கார் இல்லை. திங்கட்கிழமை வண்டியோடு வராவிட்டால் வேலை போய்விடும். அவள் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லிவைத்தாள்: "நான் வர்ற வரைக்கும் எந்த வண்டியையும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. எஞ்சின் ஜில்லுன்னு இருக்கணும்." சூடான எஞ்சின் எதையும் மறைத்துவிடும், இரவெல்லாம் உறைந்து கிடந்த எஞ்சினால் முடியாது.

சனிக்கிழமை காலை தம்பி ஆர்வோ தன் லாரியில் அவளைக் கொண்டுபோய் இறக்கினான். அவனும் அதே சபைக்காரன்தான். வேய்ன் ஒரு வெள்ளிநிறக் காரின் முன்னால் நின்றிருந்தார்.

"உனக்குன்னே வச்சிருக்கேன் டார்லா. தொண்ணூறாயிரம் மைல்தான் ஓடியிருக்கு. பளபளன்னு இருக்கு பாரு."

டார்லா காரைப் பார்க்கவில்லை, மற்றக் கார்களைப் பார்த்தாள். எல்லாவற்றின் பானட்டிலும் ஒரு சாண் பனி. இந்தக் காரின் கூரையிலும் ஒரு சாண். பானட்டில் மட்டும் பனி இல்லை. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தாள். இளஞ்சூடு.

"ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொன்னேனே?"

"பனியைத் துடைச்சு விட்டேம்மா."

"கூரையை ஏன் விட்டுட்டீங்க? கை எட்டலையா?"

"அக்கா!" ஆர்வோ பல்லைக் கடித்தான். "மூப்பரு பொய் சொல்லுவாரா?"

"மூப்பரு சொல்றாரு, பானட்டு இல்லேங்குது. ரெண்டுல எதை நம்பணும், சொல்லுடா."

அவள் பனியில் மல்லாந்து காருக்கடியில் நுழைந்தாள். அடிப்பாகம் முழுக்கப் புத்தம்புதிய கறுப்புத் தார். வீட்டுச் சாவியை எடுத்து, வண்டியைத் தாங்கும் சேசிஸில் குத்தினாள். தாருக்கடியில் எல்லாம் துரு; சாவி காய்ந்த ரொட்டிக்குள் போவதுபோல உள்ளே போனது.

"ஏய், என் வண்டியை உடைக்கிறியா?" என்று வேய்ன் கத்தினார்.

"உடைக்க என்ன மிச்சம் இருக்கு? தாரை எடுத்தா வண்டியே இல்ல."

அந்த மாநிலத்தில் பழைய வண்டிகளை ஆண்டுதோறும் சோதிக்கச் சட்டமில்லை. ஏழையின் பிரேக்கைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அரசாங்கமும் விட்டுவிட்டது போலும்.

வேலியோரம் பனிக்குள் பின்பக்கம் நீண்ட ஒரு பழுப்பு ஸ்டேஷன் வேகன் கார் கிடந்தது. "அதுவா? ரெண்டு லட்சத்து முப்பதாயிரம் மைல். அடுத்த வாரம் உடைக்கக் குடுக்கப் போறேன்" என்றார் வேய்ன். அந்த ஊரில் எல்லோருக்கும் மீட்டரைக் கண்டால்தான் பயம். வண்டி எங்கே ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. டார்லா கேட்டாள். பாலைவன மாநிலத்திலிருந்து போன கோடையில் குடிவந்த ஒரு நர்ஸின் கார். உப்பையே பார்க்காத சாலைகளில் ஓடியது. அடியில் நுழைந்து பார்த்தாள்: சிவப்பு மண் ஒட்டியிருந்தது, துரு இல்லை. பிரேக் குழாய் முழுசாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமியது, முனகியது, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. ஹீட்டரில் சூடு வந்தது. டயர்கள் தேய்ந்திருந்தன, ஆனால் அவளுடைய பழைய காரின் பனி டயர்கள் இதற்கு அளவு ஒத்துப்போகும்.

"இதைக் குடுங்க."

வேய்ன் எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டார். "தர்றேன். ஆனா ஒண்ணு. அந்த வெள்ளி வண்டியைப் பத்தி நீ வெளியில வாய் திறக்கக் கூடாது. இப்ப ஒரு ஜோடி பார்க்க வருது. கைக்குழந்தைக்காரங்க, நல்ல பிள்ளைங்க. சம்மதம்னா சாவி, இல்லேன்னா நடந்து போ."

குழந்தையைப் பற்றியும் சொல்லிவிட்டு, நல்ல பிள்ளைகள் என்றும் சொல்கிற வாய்! ஆர்வோ அவள் முழங்கையைப் பிடித்தான். "சரின்னு சொல்லுக்கா. உனக்கெதுக்கு ஊர் வம்பு? திங்கக்கிழமையை நெனச்சுப் பாரு."

"சரி" என்றாள்.

பணம் கைமாறியது. வேய்ன் கையெழுத்துப் போட்டு, உரிமைப் பத்திரத்தையும் சாவியையும் கொடுத்து, "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக" என்றார். டார்லா வேகனை மெல்ல ஓட்டி வாசல்வரை வந்தாள். அங்கேயே குறுக்காக நிறுத்திவிட்டு இறங்கினாள்.

வேய்ன் வழுக்கிக்கொண்டே ஓடிவந்தார். "சரின்னு வாக்குக் குடுத்தியே! உன் தம்பி சாட்சி!"

"நீயுந்தான் போன வருஷம் வாக்குக் குடுத்தே, பிரேக் நல்லாருக்குன்னு. எல்வியோட கை சாட்சி. கழுத்தைப் பிடிச்சு வாங்குறதுக்குப் பேரு வாக்கா?"

"ஞாயித்துக்கிழமை சபையில சொல்றேன் பாரு!"

"சொல்லு. நானும் வர்றேன். ரெண்டு பேரும் சொல்வோம்."

ஆர்வோ லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாலையில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. குழந்தையை மார்போடு கட்டியிருந்த ஒரு பெண்ணும் அவள் புருஷனும் இறங்கினார்கள். வேய்ன் கையை நீட்டிச் சிரித்தபடி அவர்களை நோக்கி நடந்தார். டார்லா அவரைத் தாண்டிப் போய், அந்தப் பெண்ணிடம் தன் வீட்டுச் சாவியை நீட்டினாள்.

"குழந்தையை உன் வீட்டுக்காரர்கிட்டக் குடும்மா. அந்த வெள்ளி வண்டிக்கடியில படுத்து, எங்க வேணும்னாலும் குத்திப் பாரு. நான் சொல்றேன்னு நம்பாத, மூப்பரு சொல்றார்னும் நம்பாத."

அந்தப் பெண் ஒரு கணம் வேய்னின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையை அவிழ்த்துப் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் பனியில் படுத்தாள்.