காஜாக்கா கடையின் கூரை

பழைய கடைவீதியில் காஜாக்காவைத் தெரியாதவர் கிடையாது. சட்டைக்குப் பொத்தான் துளை, அதாவது காஜா, எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவளே சற்று யோசித்துத்தான் சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் அந்த அவமானம் நேர்ந்தது. ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டைக் கருநீல நூலால் தைத்துக் கொடுத்துவிட்டாள். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. மனுஷன் கோர்ட்டு வாசலில் வெயிலில் போய் நின்றாரோ இல்லையோ, தோளெல்லாம் நீலக் கோடு பளிச்சென்று தெரிந்தது. சிரிக்காத ஆள் பாக்கியில்லை. அவர் பாவம், திட்டக்கூட இல்லை. “பிரிச்சுத் தைச்சுக் குடுங்கக்கா” என்று கோட்டை மடித்து வைத்துவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கண் டாக்டரிடம் ஓடினாள். “கண்ணு நல்லாத்தான் இருக்கு. இருட்டுல உக்காந்து தைச்சா இதுவும் கெட்டுடும்” என்றார் அவர். கண் போனால் தொழில் போச்சு, வேறென்ன தெரியும் அவளுக்கு?

ஊர்தான் கிடுகிடுவென்று வளர்கிறதே. பைபாஸ் ரோட்டில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த காம்ப்ளெக்ஸ்கள் முளைத்திருந்தன. அங்கே ஒரு கடையைப் பேசி முடித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உட்கார்ந்த இடத்தை விட்டுப் போக மனசே வரவில்லை. ஆனால் போய்த்தானே ஆகவேண்டும்.

காலி செய்யும் அன்று காலையில் அவள் புருஷன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், தையல் மெஷினை வண்டியில் ஏற்றிவிட்டு ஏணியோடு வந்தார். கூரையை மறைத்திருந்த பலகைகளைக் கழற்றவேண்டுமாம்.

“நாம அடிச்ச பலகை. இதை எதுக்கு இங்க விட்டுட்டுப் போகணும்?”

கடை பழசாகத் தெரியக்கூடாது என்று அந்த வீதியே ஒரு காலத்தில் போட்டிபோட்டு அடித்த பலகைகள் அவை. இங்கே அடிக்கச் சொல்லி அவரை நச்சரித்ததும் காஜாக்காதான்.

பலகை ஒவ்வொன்றாக இறங்க, தூசி கொட்டியது. அவர் துடைப்பத்தால் மேலே ஒட்டடையை ஒரு இழு இழுத்தார். இருமிக்கொண்டே காஜாக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மாடி, எவ்வளவு உயரம்! தடித்த உத்திரங்களுக்கு நடுவே, ஒரு கட்டில் அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தது. அதன் வழியாக வெளிச்சம் இறங்கி, சரியாக மெஷின் இருந்த இடத்தில் விழுந்தது. கண் கூசாத, நிழல் விழாத வெளிச்சம். நாலு பக்கச் சுவரிலும், பலகைக்கு மேலே மறைந்து கிடந்த, துணிக்கட்டு அடுக்கும் மரத்தட்டுகள். எந்தக் காலத்திலோ இங்கே ஜவுளிக்கடை நடத்திய புண்ணியவான், வருகிறவர்கள் நிறம் பார்த்து வாங்கட்டும் என்று தலைக்குமேல் வானத்தையே திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கோயிலுக்குள் நிற்பதுபோல அவளுடைய கை தானாகக் குவிந்தது.

“ஏங்க, பலகை அடிக்கிறப்ப இதைப் பார்க்கலையா நீங்க?”

“பார்த்தேனே. மேல கண்ணாடி இருக்கு பாருன்னேன். பழசையெல்லாம் மூடித் தொலைங்கன்னு நீதானே சொன்னே?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷமும் இதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டா நூல் கோக்கத் திண்டாடினாள்? பையைத் துழாவி இரண்டு நூல்கண்டுகளை எடுத்து அந்த வெளிச்சத்தில் நீட்டினாள். கறுப்பு கறுப்பாக இருந்தது. நீலம் நீலமாக இருந்தது.

“மெஷினை இறக்குங்க.”

“அடிப்பாவி, இப்பதானே ஏத்தினேன்! காம்ப்ளெக்ஸ்காரர்கிட்ட என்னன்னு சொல்றது?”

“கண்ணு தெரியுதுன்னு சொல்லுங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். தூசி பறக்கிறதென்று சண்டைக்கு வந்த பக்கத்துச் செருப்புக்கடைக்காரர், அண்ணாந்து பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். வந்த காரியம் மறந்துபோயிற்று.

“அண்ணே, அந்த ஏணி கொஞ்சம் கிடைக்குமா?” என்றார் மெதுவாக.

அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனதைக் காஜாக்கா கவனிக்கவில்லை. வக்கீலின் கோட்டை மடியில் விரித்து, நீல நூலை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.