நோரீன் தலைமை தாங்கிய கடைசி நேர்காணல்

நோரீன் டைசனுக்கு மருத்துவம் ஒரு மண்ணும் தெரியாது. அதை அவரே ஊர் பூராவும் சொல்லிக்கொள்வார். முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கிழித்தவர். சலுகை டிக்கெட் செல்லாத வண்டியில் வந்து இறங்கிய சொந்த மாமியாரிடமே முழுக் கட்டணத்தையும் கேட்டு வாங்கியவர். அந்த அம்மாள் சாகும்வரை கிறிஸ்துமஸ் விருந்துக்கு விருந்து அதைச் சொல்லிக் காட்டினாள். இப்பேர்ப்பட்டவரைத்தான் ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டர்களைத் தேர்ந்தெடுக்கிற குழுவுக்குத் தலைவராக உட்கார வைத்திருந்தோம்.

எங்கள் வழக்கம் அது. ஐந்து பேர் கொண்ட குழுவில் நாலு பேர் டாக்டர்களும் அதிகாரிகளும். தலைவர் மட்டும் ஊர்ப் பொதுமக்களில் ஒருவர். மற்ற நாலு பேருக்கும் வந்திருப்பவரை முன்பே தெரியும் என்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு உட்காரலாம். தலைவருக்கு மட்டும் வந்திருப்பவரோடு எந்த ஒட்டும் உறவும் இருக்கக் கூடாது, அவர் இல்லாமல் குழு கூடவும் கூடாது. நான் அந்த ஆஸ்பத்திரியில் ஆள்சேர்ப்புப் பிரிவில் குமாஸ்தா. இந்த மழைக் கரைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்த அறையில் குறிப்பு எடுப்பதும் பிஸ்கட் தட்டை நகர்த்துவதும் என் வேலை.

நோரீன் அந்த நாற்காலிக்குப் பொருத்தமானவர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். லண்டனிலிருந்து ஒருத்தர் வந்து தன் ஆராய்ச்சிகளைப் பற்றி அரைமணி நேரம் அளந்தார். நோரீன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் டாக்டர். நர்ஸம்மா ஒரு சந்தேகம்னு போன் பண்ணா எரிஞ்சு விழுவீங்களா, மாட்டீங்களா?" என்றார். மனிதர் திருதிருவென்று விழித்தார். நாங்கள் அவரை எடுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது பக்கவாத வார்டுக்கு நடந்த நேர்காணல். மூன்று வருஷமாக அந்த வார்டுக்கு நிரந்தரப் பெரிய டாக்டர் கிடையாது. வாரக் கூலிக்கு வருகிறவர்களை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு முறை விளம்பரம் கொடுத்தும் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது: இந்த மாதக் கடைசிக்குள் ஆள் அமையாவிட்டால் வார்டை மூடுவோம், நோயாளிகள் நாற்பத்து நாலு மைல் தள்ளி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். போவதற்கு இருப்பது கடலோரமாக ஒற்றைச் சாலை. முன்னால் ஒரு டிராக்டர் மாட்டினால் தீர்ந்தது.

மூன்றாவது விளம்பரத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது. டாக்டர் இத்ரிஸ், சூடானியர். சில வருஷம் முன்பு எங்களிடமே சின்ன டாக்டராக இருந்துவிட்டுப் படிப்பை முடிக்கப் போனவர். நர்சுகள் அத்தனை பேரும் "அவரை எப்படியாவது புடிச்சுப் போடு" என்று என் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

அன்று காலை நோரீன் தாளில் 'தெரியாது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது பொய்யில்லை. இத்ரிஸ் உள்ளே வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் முன்பே பார்த்த சாயல் எதுவும் இல்லை. நேர்காணல் அருமையாகப் போனது. டாக்டர்கள் சங்கத்தின் சார்பில் ரயிலேறி வந்திருந்த ஹார்க்னஸ் அம்மையார் லேசில் சிரிக்க மாட்டார். அவரே இரண்டு முறை தலையாட்டினார். ஆள் கிடைத்துவிட்டார் என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

கடைசிக் கேள்விக்கு முந்திய கேள்வி, நோயாளிகள் உங்களைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது. இத்ரிஸ் தன் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். எழுதியவர் பெயரை ஆஸ்பத்திரியே கறுப்பு மையால் அடித்திருந்தது.

"இது கொரோனா சமயத்துல வந்தது. வாசிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு வாசித்தார். "'டாக்டர், உங்க பேரு எனக்குத் தெரியாது. முகமும் தெரியாது, எல்லாரும் மூடிக்கிட்டு இருந்தீங்க. என்னை உள்ள விடலை. என் புருஷன் காதுல இருபது நிமிஷம் போனைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்களாம், நர்ஸ் சொன்னாங்க. உங்க கை வலிச்சிருக்கும்...'"

நோரீனின் பேனா நின்றது. அவர் புருஷன் கென் அந்த வார்டில்தான் இறந்துபோனார், கொரோனா சமயத்து ஜனவரியில். நோரீன் வண்டி நிறுத்துமிடத்தில், காருக்குள் உட்கார்ந்து போனில் பேசிப் பேசியே அவரை அனுப்பி வைத்தார். அந்த அறையில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் அது விளங்கியது. மேசைக்கு அடியில் நோரீனின் காலை ஓங்கி மிதித்தேன். வாயை மூடுங்கள் அம்மா, இன்னும் பத்து நிமிஷம், அப்புறம் ஆயுசுக்கும் அழுதுகொள்ளலாம்!

நோரீன் கண்ணாடியைக் கழற்றினார். "நிறுத்துங்க டாக்டர். அந்தக் கடுதாசி நான் எழுதினது."

இத்ரிஸ் பாதி எழுந்துவிட்டார். "கென்... கென்னோட வீட்டம்மாவா நீங்க?"

"ஆமாய்யா."

ஹார்க்னஸ் பேனாவை மூடினார். "காதுல விழாத மாதிரி இருந்திருப்பேன் நோரீன். ஆனா விழுந்துடுச்சே."

"உங்களைச் சங்கடப்படுத்தணும்னு இல்லம்மா," என்றார் நோரீன். "இனிமே இவரு ஆம்புலன்ஸைத் திருடினேன்னு சொன்னாக்கூட நான் நூத்துக்கு நூறு போடுவேன். அப்புறம் இது என்ன தேர்வு?"

அவ்வளவுதான், குழு கலைந்தது. வேறு தலைவரைப் பிடித்து அன்றைக்கே மறுபடி நடத்தினால் செல்லும். ஆனால் ஹார்க்னஸும் இருந்தாக வேண்டும், அவர் ரயில் மூன்று பத்துக்கு. தலைவராக உட்காரக்கூடிய ஊர்க்காரர்கள் பட்டியலில் இன்னும் மூன்று பெயர் இருந்தது. ஒருவர் மதேராவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். இரண்டாமவரின் மனைவி, "அவர் போய் ஈஸ்டரோட ஒரு வருஷம் ஆச்சும்மா, உங்க பட்டியலை யாரும் பாக்குறதே இல்லையா?" என்று கேட்டார். வெட்கக்கேடு! மூன்றாமவர் போனை எடுக்கவே இல்லை, பதினொரு முறை அடித்தேன். மூன்று மணிக்கு ஹார்க்னஸ் என் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். அவருக்கு அடுத்த தேதி ஏழு வாரம் கழித்துத்தான்.

இத்ரிஸ் நடைபாதையில் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோரீன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏழு வாரம் பொறுத்துக்குவீங்களா?"

"முடியாதும்மா. இப்ப இருக்கிற வேலை இந்த மாசத்தோட சரி. வேலை போனா விசாவும் போயிடும். பொண்ணு இங்கதான் படிக்கிறா. நகரத்துல ஒரு இடம் தர்றேங்கிறாங்க, திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"போங்க, ஒத்துக்குங்க. எங்களுக்காகக் காத்திருந்து வீணாப் போகாதீங்க." நோரீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "ஒண்ணு கேக்கணும். நான் பேசினது கென் காதுல விழுந்துச்சா?" என்றார்.

இத்ரிஸ் அவர் கையைப் பிடித்தார். "விழுந்துச்சுன்னு சொல்ல ஆசைதாம்மா. எனக்குத் தெரியல."

"பொய் சொல்லாம இருந்தீங்களே, அது போதும்," என்றார் நோரீன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் இப்படி உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள்? அந்த அறையில் யாராவது ஒருத்தர் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் ஊருக்கு ஒரு வார்டு மிஞ்சியிருக்கும்.

இத்ரிஸ் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மாதக் கடைசியில் வார்டை மூடினார்கள். கட்டில்கள் லாரியில் போயின. உள்ளூர்ப் பத்திரிகை நோரீனின் நேர்மையைப் பாராட்டி நாலு வரி எழுதியது. அதைப் படித்த அன்றே அவர் தலைவர் பொறுப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் தடுக்கவில்லை. கோபம் எனக்கு ஆறவில்லை, அதுதான் காரணம்.

அக்டோபரில் நோரீனின் தெருவில் இருக்கும் வால்டர் பக்கவாதம் வந்து சமையலறையில் சாய்ந்தார். சுவர் பூசுகிறவர், அறுபத்திரண்டு வயசு, கதை சொன்னால் கடைத்தெருவே கூடும். மனைவி கடைக்குப் போய்த் திரும்பி வந்து பார்ப்பதற்குள் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது, கூப்பிட்டதும் ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிஷத்தில் வந்துவிட்டது. நகரம் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்துக்கு உண்டான நாலரை மணி நேரம் கடந்துவிட்டது. இத்ரிஸ்தான் அங்கே பார்த்தாராம், உயிரைக் காப்பாற்றிவிட்டார். வலது பக்கம் விளங்கவில்லை. பேச்சு வரவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. ரொட்டிக் கடை வரிசையில் நானும் நோரீனும் நின்றிருந்தோம். வால்டரின் மனைவி ஜீன் வரிசையைவிட்டு எங்கள் பக்கம் வந்தாள். சண்டைக்கு வந்த முகம் இல்லை, தூங்காத முகம்.

"உன்னைத் திட்ட வரல நோரீன். நீ தப்பு பண்ணேன்னும் சொல்லல," என்றாள். "ஆனா நீ அன்னிக்கு ஒரு வாய் பேசாம இருந்திருந்தா, என் வீட்டு மனுஷன் இன்னிக்குப் பேசிக்கிட்டிருப்பாரு."

சட்டத்தை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் துடித்தது. விதி இப்படி, பட்டியல் அப்படி, மேலிடம்தான் குற்றவாளி என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. நோரீன் என் கையை அழுத்தினார்.

"ஆமா ஜீன்," என்றார். "பேசிக்கிட்டிருப்பாரு."

ஜீன் தலையாட்டிவிட்டு வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பினாள். எங்கள் முறை வந்ததும் கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். நோரீனால் சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேன்.