கறுப்புக் காரும் என் வேக்ஸ் டப்பாவும்

என் தங்கை கறுப்புக் கார் வாங்கினாள். வாங்கட்டும். அவள் சம்பளம், அவள் ஆசை. ஆனால் வாங்கிய சூட்டோடு அதை எருமப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு ஓட்டி வந்து அப்பாவின் முன்னால் நிறுத்தச் சொல்லி யார் கேட்டார்கள்? அன்று நானும் அங்கே இருந்தேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின் கதவுக்கு நேராக நின்றார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, கதவைப் பார்த்துத் தலை சீவினார். சீவி முடித்து, சீப்பை ஊதிவிட்டு, "கண்ணாடியாட்ட இருக்குது அம்மிணி" என்றார்.

அந்த அம்மிணி நானில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நாமக்கல்லில் இருக்கும் நான்தான் அம்மா போன நாளிலிருந்து அப்பாவை மாதாமாதம் சேலத்துக்கு, அஸ்தம்பட்டியில் இருக்கும் மூட்டு டாக்டரிடம் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். கருஞ்சிவப்பில் எனக்கும் ஒரு கார் உண்டு. அதில் ஏறி இறங்கிய இத்தனை வருடத்தில் அப்பா ஒருநாளாவது அதைப் பார்த்துத் தலை சீவியிருப்பாரா? வண்டி சத்தம் போடுது, டயரைப் பாரு, பிரேக் தேஞ்சிருக்கும் என்பார். லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக லாரி வைத்திருந்த மனுசன். வண்டியைப் பாராட்டுவது அவர் பழக்கமில்லை என்று நானும் சமாதானமாக இருந்தேன். அந்தச் சமாதானத்தில் தங்கை மண்ணைப் போட்டாள்.

அதோடு விட்டாளா? டாக்டர் தன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருதானே, அக்காவுக்கு எதற்கு வீண் அலைச்சல், இனி நானே வந்து அப்பாவைக் கூட்டிப் போய், காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்று தேனாகப் பேசினாள். அப்பாவும் சரி என்றார். கேட்பவர்களுக்கு இது பாசமாகத் தெரியும். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்ததே நேற்றைக்கு. வந்தவுடன் என் பங்கை வாரிக்கொண்டு போகிறாள் என்றுதான் எனக்குத் தெரிந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அக்கா தங்கைக்கு அது இன்னும் பொருந்தும்.

முதல் தடவை போய்வந்த அன்று சாயங்காலம் போன் செய்தாள். ராசிபுரத்தில் நிறுத்தி அப்பா டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டார் என்று சந்தோஷமாகச் சொன்னாள். ராசிபுரத்து டீக்கடை நானும் அப்பாவும் நிற்கும் கடை. அந்தக் கடைக்காரருக்கு அப்பாவின் சர்க்கரை அளவுகூடத் தெரியும். அந்த மேஜையில் போய் இவள் உட்கார்ந்திருக்கிறாள். போனை வைத்துவிட்டு, அப்பாவுக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்ததற்காக அரைமணி நேரம் அவளைத் திட்டினேன். என் கணவர் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா மறுபடி என் வண்டியில் ஏற வேண்டும். அதற்கு என் வண்டியும் கண்ணாடியாக வேண்டும்.

லாரி வீட்டுப் பெண்ணுக்கு வண்டியை மினுக்கத் தெரியாதா என்று முதலில் இறுமாப்பாக இருந்தேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் வாசலில் நிற்கும் லாரியை டிரைவர்கள் டீசல் தொட்ட துணியால் துடைப்பார்கள். முகப்பு அப்படியே பளபளக்கும். அதையே செய்தேன். ஒரு பழைய பனியன் துணியை டீசலில் நனைத்துப் பிழிந்து கார் முழுக்க ஒரு இழுப்பு. கார் என்னவோ மின்னத்தான் செய்தது. அந்த மினுக்கோடு தோட்டத்துக்குக் கிளம்பினேன். எருமப்பட்டி ரோட்டில் எனக்கு முன்னால் கோழித் தீவன மூட்டை ஏற்றிய லாரி ஒன்று போனது. தார்ப்பாய் சரியாகக் கட்டவில்லை. அதைத் தாண்டவும் வழியில்லை. போய் இறங்கிப் பார்த்தால், டீசல் ஈரத்தில் தீவனத் தூள் அத்தனையும் ஒட்டி, பஜ்ஜி மாவில் முக்கியெடுத்த வாழைக்காய் போல நின்றது என் கார். அப்பா எட்டியே நின்றார். கோழிகள்தான் கிட்டே வந்து பார்த்தன. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையென்று என் கணவர் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் முறையாக இறங்கினேன். தங்கையிடம் என்ன போடுகிறாய் என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். ஏதோ கடைக்காரர் கொடுத்ததுங்கக்கா என்றாள். ஏதோவாம். தோட்டத்திலிருந்து அவள் காரில் தேங்காய் மூட்டை ஏற்றும்போது டிக்கியை நன்றாக நோட்டம் விட்டேன். ஓரத்தில் ஒரு பச்சை டப்பா இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் பேரைப் படித்து மனத்தில் வைத்துக்கொண்டேன். சேலத்துக் கார் சாமான் கடையில் அந்தப் பேரைச் சொல்லி, இதைவிட உசத்தியாக என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

கடையில் ஒரு சுவர் முழுக்க அதுதான். குழம்பாக, பசையாக, தெளிப்பானாக, நீலத்தில், வெள்ளையில், தேங்காய் வாசத்தில். பாலிஷும் வேக்ஸும் ஒன்றென்று நான் அதுவரை நினைத்திருந்தேன். வேறு வேறு. பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பது. அதில் கண்ணுக்குத் தெரியாத நறநறப்பு இருக்கும். பெயின்ட்டின் மேல்தோலை லேசாகச் சீவி, கீறலையும் மங்கலையும் கழிக்கும். வேக்ஸ் எடுப்பதில்லை, மேலே பூசுவது. பாலிஷ் கொண்டுவந்த மினுக்கைத் தூசும் வெயிலும் தின்னாமல் மூடி வைக்கும். கீறல் விழுந்த வண்டிக்கு வெறும் வேக்ஸ் பூசுவது, குளிக்காமல் பவுடர் போடுகிற வேலை. இரண்டும் வாங்கினேன். வேக்ஸில் பசையாக உள்ள டப்பாவை எடுத்தேன். தெளிப்பான் சுலபம், ஆனால் சீக்கிரம் போய்விடும் என்றார்கள். என் தங்கை பச்சை டப்பாக்காரி. அவளுடையது தெளிப்பான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போர்டிகோ நிழலில் வண்டியை விட்டு ஆரம்பித்தேன். ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, ஸ்பாஞ்சில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு, ஒரு கை அகலத்துக்கு ஒரு கை அகலமாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க ஸ்பாஞ்சில் சிவப்பு ஏறியது. என் வண்டியின் மேல் இத்தனை நாள் செத்த பெயின்ட் உட்கார்ந்திருந்திருக்கிறது. அடுத்து வேக்ஸ். ஆசையில் அள்ளி அப்பினேன், அது தப்பு. தடியாகப் பூசியது காயாமல் பிசுபிசுத்தது, கதவோரத்துக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு பழைய டூத் பிரஷ்ஷால்தான் வந்தது. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குப் பூச வேண்டும். பனி படர்ந்த மாதிரி மங்கியதும் மெத்துமெத்தென்ற துணியால் துடைக்க வேண்டும். துடைத்தபோது பானெட்டுக்குள் போர்டிகோவின் கூரை தெரிந்தது. கூரையில் தொங்கிய ஒட்டடை தெரிந்தது. என் முகம் தெரிந்தது, வியர்த்து வழிந்து, ஆங்காரமாக. ஒரு கை தண்ணீர் தெளித்தேன். சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோல முத்து முத்தாக நின்று உருண்டோடியது. அவளுடைய கறுப்பெல்லாம் எந்த மூலைக்கு என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த மாதம் நானே கூட்டிப் போகிறேன் என்று அப்பாவுக்கும் தங்கைக்கும் அறிவித்தேன். தங்கை சரிக்கா என்றாள். அவள் அத்தனை சீக்கிரம் விட்டுக்கொடுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பா வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். நான் அவர் சீப்பை எடுப்பாரா என்று பார்த்தேன். "சுத்தமா வெச்சிருக்கறே" என்றார். அவ்வளவுதான். பிறகு ஏறினார். முழங்கால் மடங்காது என்பதால் அவர் காரில் ஏறுவது ஒரு தனி வேலை. ஒரு கையை மேற்கூரை விளிம்பில் ஊன்றி, இன்னொரு கையால் திறந்த கதவின் மேல்புறத்தைப் பற்றி, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைப்பார். கையெல்லாம் மூட்டு வலி எண்ணெய். நான் அவரை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். மேற்கூரையில் ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சாகப் பதிந்திருந்தன. துணியை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

ராசிபுரத்தில் டீக்கு இறங்கினோம், மறுபடி ஏறினோம், மறுபடி துடைத்தேன். டாக்டர் வீட்டு வாசலில் இறங்கியபோது துணியைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் கையை எடுத்ததும் நான் துடைத்தேன். ஏனுங்கப்பா, உள்ளுக்குள்ள கைப்பிடி இருக்குதுங்களே, அதப் புடிச்சுக்குங்களே என்று நல்லபடியாகத்தான் சொன்னேன். அவர் என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். செரி அம்மிணி என்றார். திரும்பும்போது உள்கைப்பிடியைப் பிடித்து ஏறப்பார்த்து, இடுப்பு பிசகி, சீட்டில் தொப்பென்று விழுந்தார். ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்றார். வழியெல்லாம் பிரேக்கைப் பற்றியோ டயரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. வண்டியின் அழகில் வாயடைத்துப் போனார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் கேட்டபோது, சின்னவளே வாரேன்னிருக்கறா, நீ எதுக்கு அலையறே என்றார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவள் ஏதோ ஓதியிருக்கிறாள். அப்பாவைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, அஸ்தம்பட்டிக்கே போய்விட்டேன், நேரில் நாலு கேள்வி கேட்டுவிட.

வாசலில் கறுப்புக் கார் நின்றது. முதலில் வேறு யாருடைய காரோ என்று நினைத்தேன். புங்க மரத்தடியில் நிறுத்தி நிறுத்தி, இலைச் சருகும் காக்கை எச்சமுமாக, மழைச் சேறு காய்ந்த கோடுகளோடு, கறுப்பா சாம்பலா என்று தெரியாமல் கிடந்தது. சிரிக்கலாம் என்று கிட்டே போனேன். இடப்பக்கத்து முன் கதவின் மேல், கூரை விளிம்பில், கை அச்சுகள். ஒன்றன்மேல் ஒன்றாக, நான் கூட்டிப் போனதற்கு முந்தைய மாதத்தது, அதற்கும் முந்தையது, இன்றையது. எண்ணெய்க் கையில் தூசு படிந்து, விரல் விரலாக. கதவின் மேல்விளிம்பிலும் அப்படியே.

தங்கை வெளியே வந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து வெட்கப்பட்டாள். "தொடைக்கறதுக்கு எங்கீங்கக்கா நேரம்? ஆபீசு, ஊடுன்னே போயிருது. அப்பா புடிச்சுப் புடிச்சு ஏர்றாரு, அது பாட்டுக்குக் கெடக்குது" என்றாள். பச்சை டப்பா என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது காரோடு கொடுத்தது, இன்னும் மூடிகூடத் திறக்கவில்லை என்றாள். கேட்க வந்த நாலு கேள்வியும் மறந்துபோனது. காபி குடிக்கக் கூப்பிட்டாள். இன்னொரு நாளைக்கு என்றேன். ஒரு புதுக் கார்மேல் நான் பட்ட பொறாமை அந்த அழுக்கின்மேல் பட்ட பொறாமைக்கு உறைபோடக் காணாது. அவள் உள்ளே போனதும் என் கை பைக்குள் போய்த் துணியைத் தேடியது. அந்த அச்சுகளை ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம் என்று தோன்றியது. துணியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு என் காரைக் கழுவவில்லை. வேண்டுமென்றே வெயிலில் விட்டேன், புழுதியில் விட்டேன். அடுத்த தடவை தங்கைக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. நான்தான் தோட்டத்துக்குப் போனேன். கார் முழுக்கச் செம்மண். துணியை வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தேன். கதவைத் திறந்து விட்டுத் தள்ளி நின்றேன்.

அப்பா வந்தார். கதவோரம் நின்றார். ஏறவில்லை. என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புடிச்சுக்கட்டுங்களா சாமி?" என்றார்.

மகளிடம் எப்போதும் வா, போ என்று பேசுகிற மனுசன். "புடிங்கப்பா, நல்லாப் புடிங்க" என்றேன். அவர் தலையாட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அதை நாலாக மடித்து, உள்ளங்கைக்கும் கூரைக்கும் நடுவில் வைத்து, பிறகு ஊன்றி, மெதுவாக உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொண்டார். துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

நான் கதவைச் சாத்தினேன். அத்தனை புழுதியிலும் அவர் கை வைத்த அந்த இடம் மட்டும் துடைத்து விட்டதுபோலப் பளபளவென்று இருந்தது. ஒரு விரல்கூடப் பதியவில்லை.