ஏட்டில் ஏறாத ஆசாரியர்

எலாசா ஒலிவ எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர். எருசலேமில் எங்களுக்குப் பக்கத்து வீடு. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியபோது அவருடைய அப்பா, தாங்கள் ஆலயத்தில் பலியிடும் ஆசாரிய வம்சம் என்றார். வம்ச ஏட்டில் பெயர் இல்லை. அத்தாட்சி கிடைக்கும்வரை பலிபீடத்தை நெருங்கவோ பலியில் ஆசாரியருக்கு வரும் பங்கைத் தின்னவோ கூடாது என்று பாரசீக அரசின் ஆளுநர் சொல்லிவிட்டார்.

அத்தாட்சி கிடைக்கவில்லை. எலாசாவுக்கு மிஞ்சியவை ஆசாரியருக்கான விலக்குகள் மட்டும். அவற்றை விடாமல் காத்தார். பிணத்தீட்டு ஆகாதென்று சாவு வீட்டுக்குள் போகமாட்டார். தெருமுனையில் நின்று அழுதுவிட்டுத் திரும்புவார்.

"என்ன ஆசாரியரே, பலிக்கறி வந்துச்சா?" கல்தச்சன் சிம்ரி சீண்டுவான்.

"வாசம் வந்துச்சு. உனக்கு அதுவும் வராது, மூக்கு பூரா கல்தூசி."

முப்பது வருடம் கழித்து மூப்பர்கள் வழக்கை மறுபடி எடுத்தார்கள். இத்தனை காலம் ஆசாரியராகவே வாழ்ந்திருந்தால் அதையே அத்தாட்சியாகக் கொள்ளலாம் என்றார்கள். விசாரணைக்கு மூன்று நாள் இருக்கையில் அவருடைய அக்கா ஒக்லாள் காய்ச்சலில் இறந்தாள். பிள்ளையில்லாத விதவை. மணமாகாத சகோதரி இறந்தால் ஆசாரியர் தொடலாம். கட்டிக்கொடுத்தவளைத் தொடக்கூடாது.

கோதுமை அறுப்பு. தெருவே வயலில் கிடந்தது. பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும். உடலைக் கழுவித் துணி சுற்றினேன். தூக்க என் ஒருத்தியால் முடியவில்லை. எலாசா வாசலில் நின்றார்.

"அண்ணே, உள்ள வராதீங்க. நான் வயலுக்கு ஓடி ஆள் கூட்டிட்டு வர்றேன்."

"நீ வர்றதுக்குள்ள இருட்டிரும்."

"மூணே நாளுண்ணே. முப்பது வருஷம் காத்தீங்களே."

அவர் வாசற்படியையே பார்த்தார். "பாபிலோன்லேர்ந்து நாலு மாச நடை. பாதி வழி இவதான் என்னைத் தூக்கிட்டு வந்தா. வழி பூரா திட்டிக்கிட்டே வந்தா."

உள்ளே வந்தார். என்னைக் கால்பக்கம் பிடிக்கச் சொன்னார். இருவருமாகக் கல்லறைக் குகைக்குத் தூக்கிப் போனோம்.

விசாரணை நகரவாசலில் நடந்தது. பிணம் தொட்ட ஏழு நாள் தீட்டு எங்கள் இருவருக்கும் கழியவில்லை; கூட்டத்துக்கு வெளியே நின்றோம்.

"ஏன் எலாசா அங்க நிக்கிறே? கிட்ட வா," என்றார் தலைமை மூப்பர்.

"தீட்டு ஐயா. அக்காவை அடக்கம் பண்ணேன்."

"கட்டிக்கொடுத்த அக்காவையா?"

"ஆமா."

"தொடக்கூடாதுன்னு தெரியாதா?"

"ஆசாரியனுக்கு அது தெரியாம இருக்குமா ஐயா?"

சிம்ரிகூடச் சிரிக்கவில்லை. எழுத்தர் நாணல் எழுதுகோலைத் தூக்கிப் பிடித்தபடி மூப்பரைப் பார்த்தார்.  மூப்பர், பெயரை எழுதாமலே தோல் ஏட்டைச் சுருட்டச் சொன்னார்.