கோடு இறங்கிய மத்தியானம்

பேய் வர நடு ராத்திரி வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மதியம் 1:20க்கு, டியூப்லைட் எரிகிற அறையில். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் இறைச்சி வாடை பட்டால் வாந்தி வருகிறது.

அரைத்த இறைச்சியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை அது. தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த வாடை சோப்புப் போட்டாலும் போகாது, நகக்கண்ணில் குடியிருக்கும். சேர்ந்த அன்று ஸ்டோர் அக்கா இரண்டு டப்பா இலவசமாகக் கொடுத்தார். ஒன்றை நான் தின்றேன். இன்னொன்றை என் ஐந்து வயது மகள் விரலால் வழித்துத் தின்றாள். காலி டப்பாக்களில் இப்போது அவளுடைய கலர் பென்சில்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு டப்பாவிலும் இருநூறு கிராம் இருக்க வேண்டும். பெல்ட்டில் உள்ள தராசு எடையை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். சாஃப்ட்வேரில் நான் 'கியூசம்' வரைபடம் எடுப்பேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு டப்பாவும் இருநூறிலிருந்து எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அந்த வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போகும். தனியாகப் பார்த்தால் கண்ணுக்குப் படாத குறை, கூட்டும்போது மாட்டிக்கொள்ளும்.

அன்று மேனேஜர் பல்லைக் குத்திக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்குள்ள சார்ட் வேணும். இலக்குக் கட்டத்தைக் காலியா விட்டுடு."

"எதுக்கு சார்?"

"எப்பவும் அப்படித்தான்."

காலியாக விட்டால் சாஃப்ட்வேர் சராசரியையே இலக்காக எடுத்துக்கொள்ளும். அப்புறம் கோடு என்ன ஆட்டம் போட்டாலும் கடைசியில் பூஜ்யத்தில் வந்து நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். எனக்கு முன்னால் இருந்தவரும் இந்தத் திருட்டுத்தனத்தைத்தான் செய்திருக்கிறார். நானும் இரண்டு முறை செய்திருக்கிறேன். என்மேலேயே அருவருப்பாக இருந்தது. மேனேஜர் தலை மறைந்ததும் கட்டத்தில் 200 என்று அடித்தேன்.

கோடு சரிந்தது. மூன்று நாள் எடைகள், ஒரு லட்சத்துக்கும் மேலே டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் 0.4 கிராம்தான் குறை. கூட்டினால் மைனஸ் ஐம்பத்தோரு கிலோ. இவ்வளவு இறைச்சியும் எங்கே போனது?

மணி 1:20. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பெல்ட் நின்றிருந்தது. ஆனால் திரையில் எடைகள் வந்துகொண்டே இருந்தன. 199.6... 199.6... 199.6...

சளக்.

அரவைக் கூடத்திலிருந்து வந்தது. சளக்... சளக்... ஈர மாவைக் கையால் அப்புகிற சத்தம்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். யாரும் இல்லை. கழுவிய தரையில் இளஞ்சிவப்பாக இறைச்சித் தடங்கள். அரவை மெஷினில் தொடங்கி என் கதவை நோக்கி வந்திருந்தன. முதல் தடம் வெறும் பிண்டம். அடுத்ததில் இரண்டு கால்விரல்கள். கதவருகே இருந்ததில் ஐந்தும் இருந்தன.

கதவுக் கைப்பிடியைத் தொட்டேன். கொழகொழவென்று ஒட்டியது... சூடாக.

1:42. சத்தம் நின்றது. கோடும் நின்றது. மைனஸ் 52,000 கிராம்.

அதன் கீழே புதிதாக இரண்டு வரிகள். டப்பா எண்கள் மட்டும். 7713. 7714. எடைக் கட்டம் காலி.

என் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அதே வாடை...

வாசல் வரை ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். ஸ்டோர் அக்காதான் தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது.

"ஊசின்னு ஒருத்தர் இருந்தார்டா. அரவை ஆபரேட்டர். ரொம்ப ஒல்லி. ஒன்பது மாசம் முன்னாடி மெஷினுக்குள்ள விழுந்துட்டார்."

"அன்னைக்கு அரைச்சதையெல்லாம் கொட்டியிருப்பாங்கல்ல?"

"எங்க கொட்டினாங்க? டப்பாவுல அடைச்சுப் பின் அறையில போட்டு வச்சிருந்தாங்க. இப்ப மூணு நாளா அதைப் பிரிச்சுப் புதுசுல கலக்குறாங்க. எனக்கே நேத்துதான் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுலேர்ந்துதான் உனக்கு ரெண்டு எடுத்துக் குடுத்திருக்கேன்."

மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். ஊசியின் எடை 52.4 கிலோ.

கோடு நின்றது ஐம்பத்திரண்டில். இன்னும் நானூறு கிராம் வரவில்லை. இரண்டு டப்பா.

வீட்டுக்கு வந்து பென்சில்களைக் கொட்டிவிட்டு டப்பாக்களின் அடியைத் திருப்பிப் பார்த்தேன்.

7713. 7714.

அன்றே வேலையை விட்டுவிட்டேன். தினமும் மகளை எடை பார்க்கிறேன். நேற்று வரை பதினெட்டு கிலோ இருநூறு கிராம்.

இன்று காலை, சரியாகப் பதினெட்டு.