நம் விலக்கில் மூன்று படிகள்

ராசு, செல்லி... இந்த வாரப் பத்தியை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து படிக்கலாம், தடையில்லை.

"அம்மா ஏம்ப்பா நடுரோட்டுல உக்காந்திருந்தா?" என்று செவ்வாய்க்கிழமை கேட்டீர்கள். மழுப்பினேன். ஏன்? தப்பு என்னுடையது — அதனால்தான்.

ஆமத்தூர்ப் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து நம் ஊருக்குப் பிரிகிற விலக்கை மேடாக்கி, அகலமாக்கி, தார் போட்டு, நடுவில் வெள்ளையடித்த கல்லெல்லாம் நட்டிருக்கிறார்கள். பார்க்க ஜோர்தான். வேலை தொடங்குமுன் ஓவர்சியர் நம் தெருவுக்கு வந்து, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். யார் நிலமாவது போகிறதா என்று மட்டும் விசாரித்தோம். இல்லை என்றார். அங்கே நின்ற ஆண்களில் எழுதத் தெரிந்தவன் நான்தான். தெருவுக்கே சேர்த்து 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்நேரம் பெண்கள் எல்லாம் வீட்டுக்குள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. ஒட்டிய பெட்டிகளை ஓலைக் கடகத்தில் குவித்து, தலையில் வைத்து, தினமும் அந்த ரோட்டைத் தாண்டிக் கம்பெனிக்குப் போகிறவர்கள் யார்? அவர்கள்தானே?

இப்போது ரோடு இடுப்பு உயரம். ஓரமெல்லாம் சரளைச் சரிவு. மேலே லாரிகள் பறக்கின்றன. போன மாதம் அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாளே — அங்கேதான் சறுக்கி விழுந்திருக்கிறாள். லாரிச் சக்கரம் கைக்கெட்டும் தூரத்தில் போயிருக்கிறது.

செவ்வாயன்று ஓவர்சியர் விலக்குக்கு வந்திருந்தார். மூன்று படி கட்டிக் கொடுக்கச் சொல்லிப் பெண்கள் கேட்டார்கள். நானும் நின்றேன்.

"பிளான்ல படி இல்லம்மா. ஒரு பர்லாங் சுத்திப் போங்க, அங்க சமமா இருக்கு. வெறும் பெட்டிதானே, என்ன கனம்?"

அம்மா கடகத்தை இறக்கினாள். "கனமே இல்லைங்க. ஒரு தரம் சுமந்து ஏறிப் பாத்தீகன்னா தெரியும்."

பாவம், மனிதர் சிரித்துக்கொண்டே வாங்கித் தலையில் வைத்தார். இரண்டு தரம் சறுக்கி, ஒருவழியாக மேலே ஏறி நின்றார். அப்போது ஒரு லாரி கடந்தது. அடித்த காற்றில் கடகம் சாய்ந்தது. ரோடு முழுக்கத் தீப்பெட்டி.

பெண்கள் ஏறிப்போய்ப் பொறுக்க உட்கார்ந்தார்கள். ஒவ்வொன்றாக. எடுத்து, ஊதி, ஒட்டு விட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து... இரண்டு பக்கமும் லாரிகள் வரிசை கட்டின.

"ஏ ஆத்தா, லோடு போகணும். இன்னும் எம்புட்டு நேரம்?" என்றார் ஒரு டிரைவர்.

"அண்ணாச்சிக்கு அவசரமோ? எறங்கி வாங்க. சேந்து பொறுக்கினா வெரசா முடியும்," என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சி அத்தை.

ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக் கொடுத்தீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும்.

"நான்தான் எழுதினேன். தப்பு. இப்ப ஆட்சேபம் இருக்கு. ஒரு பேப்பர் குடுங்க, அதையும் எழுதித் தாரேன்."

எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்தார். மேலே அனுப்புவாராம். உத்தரவு வரும்வரை ரோட்டோரக் கரையில் யாரும் கை வைக்கக் கூடாதாம்.

பிள்ளைகளே, ஆட்சேபம் கேட்க வருகிறவர்கள் ஆண்கள் கூடி நிற்கிற இடமாகப் பார்த்து ஏன் வருகிறார்கள்? ரோட்டைத் தாண்டுகிறவர்களைக் கேட்டால் வேலை கூடிவிடும் என்றா? போட்ட கையெழுத்து போட்டதுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தப்பென்று தெரிந்தால் அதே கையால் மறுத்து எழுதுங்கள்.

உத்தரவு வருகிறபோது வரட்டும். அதுவரை அம்மா எப்படி ஏறுவாள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் தூங்கும்போது, கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். கரையில் மூன்று படி வெட்டிக் கல் பதித்தேன். பிறகு, கையோடு கொண்டுபோயிருந்த அம்மாவின் கடகத்தை, பெட்டியோடு, தலையில் வைத்து ஏறிப் பார்த்தேன். கால் வழுக்கவில்லை. மேலே நின்றபோது ஒரு லாரி கடந்தது. இரண்டு பெட்டி பறந்தன.

போய் நடுரோட்டில் உட்கார்ந்து பொறுக்கினேன் — மெதுவாகத்தான்.